வார்கேமில் ஏவுகணைப் படகே எப்போதும் ஜெயிக்கிறது: விதியில் எங்கே பிழை?

அஸ்தம்பட்டி வாசகன்:

வணக்கம். சேலத்தில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் சிறு குழுவுக்காக, 1967 முதல் 1991 வரையிலான கடற்போருக்கு ஒரு வார்கேம் (பலகையில் ஆடும் போர் விளையாட்டு) விதித்தொகுப்பு எழுதி வருகிறோம். அறுகோணக் கட்டம் போட்ட பலகை. ஒரு கட்டம் 5 கி.மீ., ஒரு சுற்று 3 நிமிடம், பத்துப் பக்கப் பகடை.

இதுவரை உள்ள விதி எளிது. சோவியத் ஓசா படகுக்கு 4 ஸ்டிக்ஸ் ஏவுகணை, வீச்சு 40 கி.மீ. எதிரி 8 கட்டத்துக்குள் வந்தால் ஏவலாம். பகடையில் 4-க்கு மேல் விழுந்தால் அடி. எதிர்த்தரப்பு டெஸ்ட்ராயருக்குப் பீரங்கி மட்டும்தான், அது 3 கட்டம் போகும். இப்படி ஆடினால் 200 டன் படகு 2,000 டன் கப்பலை ஒவ்வொரு முறையும் மூழ்கடிக்கிறது.

எய்லாட்டும் (1967, எகிப்தின் ஏவுகணைப் படகுகள் மூழ்கடித்த இஸ்ரேல் டெஸ்ட்ராயர்) கராச்சியும் (1971, இந்தியப் படகுகள் தாக்கிய பாகிஸ்தான் துறைமுகம்) அப்படித்தானே நடந்தன என்று இருந்துவிட்டோம். 1973-இல் சிரியாவின் லடாக்கியா துறைமுகத்துக்கு வெளியே நடந்த சண்டையைப் பலகையில் வைத்தபோதுதான் சிக்கல் வந்தது. 40 கி.மீ. ஸ்டிக்ஸ் வைத்திருந்த சிரியா அன்று 5 கலங்களை இழந்தது. 20 கி.மீ. போகும் கேப்ரியல் ஏவுகணை வைத்திருந்த இஸ்ரேலுக்கு ஒரு படகுகூடப் போகவில்லை. எங்கள் விதிப்படி ஆடினால் சிரியாதான் ஜெயிக்கிறது.

மூன்று கேள்விகள். விதியில் எதை மாற்ற வேண்டும்? படகே போதும் என்றால் இந்தியா உட்படப் பெரிய கடற்படைகள் ஏன் 7,000 டன் கப்பலுக்குப் போயின? "இப்படி நடந்திருந்தால்" என்று ஆட ஏற்ற களங்கள் ஒன்றிரண்டு சொல்ல முடியுமா?

நாகலூர் மேடு:

நல்ல கேள்விங்க. முதல் பிழை அந்த 8 கட்டத்தில் இருக்கிறது. 40 கி.மீ. என்பது ஏவுகணை பறக்கக்கூடிய தூரம். படகு பார்க்கக்கூடிய தூரம் வேறு. உங்கள் விதி இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

ரேடார் அடிவானத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் கி.மீ. வரும். பார்ப்பவருக்கு ஒன்று, பார்க்கப்படும் பொருளுக்கு ஒன்று என இரண்டையும் கூட்ட வேண்டும். நம்ம ஊரிலேயே போட்டுப் பாருங்க. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515. வித்தியாசம் ஏறக்குறைய 1,240. வர்க்கமூலம் 35, அடிவானம் 145 கி.மீ. ஏற்காட்டு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நிற்கும் ஆளுக்குச் சேலத்து விளக்கெல்லாம் காலடியில் விரிகிறது. அதே ஆளை நாலு ரோட்டில் இறக்கிவிட்டால் எதிர்வரிசைக் கட்டடத்தோடு பார்வை முடிந்தது. ஏவுகணைக் காலத்துக் கடற்படை வரலாற்றில் பாதி இந்த உயர வித்தியாசம்தான்.

இப்போது கடலுக்கு வாங்க. படகின் ரேடார் 10 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்தால் 13 கி.மீ. எதிரி டெஸ்ட்ராயரின் மேற்கட்டு 20 மீட்டர் என்றால் 18 கி.மீ. கூட்டினால் 31. ஆக உங்கள் ஓசா 6 கட்டத்துக்கு அப்பால் தன் கண்ணால் குறிபார்க்க முடியாது. அதற்கு மேல் ஏவ வேண்டுமானால் இன்னொரு கண் வேண்டும். ஒரு விலக்கு வைக்கலாம். அரபிக்கடல் போன்ற வெதுவெதுப்பான கடலில் ஈரக்காற்று அடுக்கு ரேடார் அலையை வளைத்து, அடிவானத்துக்கு அப்பாலும் கொண்டுபோகும். ஆட்டத் தொடக்கத்தில் ஒரு பகடை உருட்டி 9, 10 விழுந்தால் அன்று முழுக்க எல்லாருக்கும் 4 கட்டம் கூடுதல் என்று விடுங்க.

அடுத்து தற்காப்பின் நேரம். கப்பல் ரேடார் 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் 20.6 கி.மீ. ஸ்டிக்ஸ் 100 மீட்டருக்கு மேலேதான் பறக்கும், அதற்கு 41 கி.மீ. கூட்டினால் ஏறக்குறைய 62, ஸ்டிக்ஸின் வீச்சையே தாண்டிவிட்டது. அதாவது ஏவிய கணத்திலிருந்தே தெரியும். வந்து சேர 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். எய்லாட்டும் பாகிஸ்தான் டெஸ்ட்ராயர் கைபரும் மூழ்கியது பார்க்க முடியாததால் அல்ல, பார்த்ததைச் சுட்டு வீழ்த்தக் கருவி இல்லாததால். கராச்சிக்கு வெளியே கைபர் கப்பலில் அதை விமானம் என்றே நினைத்து விமான எதிர்ப்புத் துப்பாக்கியால் சுட்டார்கள்.

பிரான்சின் எக்சோசெட் ஏவுகணை வேறு ஜாதி. கடைசிக் கட்டத்தில் அலைக்கு மேல் சில மீட்டர்தான். 4 மீட்டர் என்று போட்டால் 8.2 கி.மீ., கப்பலின் 20.6-உடன் சேர்த்து 29 கி.மீ. நொடிக்கு 310 மீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 93 நொடி. பிரம்மோஸ் போல மாக் 2.8 (ஒலியைவிட 2.8 மடங்கு வேகம்) என்றால், 10 மீட்டர் உயரத்தில் வந்தாலும் 35 நொடிதான் கிடைக்கும். உங்கள் சுற்று 3 நிமிடம். முழுச் சண்டையும் ஒரே சுற்றுக்குள் விழுந்துவிடுகிறது, அதனால் தற்காப்புக்காரருக்கு முடிவெடுக்க இடமே இல்லை. ஏவுகணை அடிவானம் தாண்டியதும் கடிகாரத்தை நிறுத்தி, 30 நொடித் துண்டுகளாக ஓட்டுங்க. எக்சோசெட்டுக்கு 3 துண்டு, ஸ்டிக்ஸுக்கு 4, பிரம்மோஸுக்கு 1.

கப்பல்கள் ஏன் பெருத்தன என்பதற்கும் இதிலேயே பதில் தொடங்குகிறது. ரேடாரை உயரத்தில் வைக்க உயரமான கம்பம் வேண்டும். கனமான ரேடாரை உயரத்தில் வைத்தால் சின்னக் கலம் புரண்டுவிடும், அதனால் அகலமான உடல் வேண்டும். அதற்கும் மேலே போக ஹெலிகாப்டர். நம் கடற்படையின் கமோவ்-31 வயிற்றுக்கடியில் 6 மீட்டர் நீள ஆன்டெனாவை இறக்கிச் சுழற்றும். 3,000 மீட்டரில் நின்றால் 225 கி.மீ. சுற்றுக் கடல்பரப்பு தெரியும். ஏற்காட்டைப் போல் இரண்டு மடங்கு உயர மலையைக் கப்பல் கூடவே எடுத்துப்போவது மாதிரி. அதை இறக்கி ஏற்றத் தளமும், கொட்டகையும், எண்ணெயும் வேண்டும். 200 டன் படகில் அதெல்லாம் முடியாதுங்க.

சூரமங்கலம் சந்திப்பு:

மேலே அண்ணன் சொன்னது கண். நான் கையைப் பத்திச் சொல்றேன்.

கராச்சியை "படகு ஜெயிச்ச கதை"யா மட்டும் பார்க்காதீங்க. ஓசா துறைமுகக் காவலுக்குச் செஞ்ச படகு. சோவியத்திலிருந்து கப்பல்ல வந்தப்போ, அவ்வளவு எடையைத் தூக்கற கிரேன் மும்பையில இல்லாததால கொல்கத்தாவில இறக்கி, கரையோரமா கயிறு கட்டி இழுத்து மும்பை கொண்டுபோனாங்க. 1971 டிசம்பர் 4 ராத்திரி நிபாத், நிர்காட், வீர் மூணும் தனியாப் போகல. கில்தான், கச்சால்னு இரண்டு பெரிய கலங்கள் நல்ல ரேடாரோட கூடப் போச்சு, எண்ணெய்க் கப்பலும் போச்சு. 8-ஆம் தேதி வினாஷ் போனப்பவும் தல்வார், திரிசூல் துணை. உங்க பலகையில ஓசாவுக்கு எண்ணெய்க் கணக்கு வைங்க, துணைக்கப்பல் 4 கட்டத்துக்குள்ள இருந்தா மட்டும் 31 கி.மீ.க்கு அப்பால் ஏவலாம்னு வைங்க. கராச்சி சரியா வந்துடும்.

இப்ப லடாக்கியா. அங்க ஸ்டிக்ஸைத் தோற்கடிச்சது சாஃபும் ஜாமரும் (எதிரி ரேடாரைக் குழப்பற கருவி). சாஃப்ங்கறது அலுமினியம் பூசின கண்ணாடி இழை. எதிரி ரேடாரின் அலைநீளத்துல பாதி நீளத்துக்கு வெட்டுவாங்க. 3 செ.மீ. அலைன்னா இழை ஒன்றரை செ.மீ. லட்சக்கணக்கான இழை ராக்கெட்ல போய் வெடிச்சு மேகமா தொங்கும், ரேடாருக்கு அது ஒரு கப்பல் மாதிரி தெரியும்.

இதை எப்ப போடறோம்ங்கறதுல இரண்டு வகை இருக்கு, விதியில இரண்டையும் பிரிச்சு எழுதணும். ஸ்டிக்ஸ் தன் கண்ணைத் திறக்கறது இலக்குக்குச் சுமார் 11 கி.மீ. முன்னாடி. அதுக்கு முன்னாடியே தூரத்துல மேகம் போட்டா, கண் திறந்ததும் பொய்க் கப்பலைப் பிடிச்சுக்கும். கண் திறந்து நம்மைப் பிடிச்ச பிறகுன்னா, நம்ம கப்பலை ஒட்டியே மேகத்தைப் போட்டு, குறி மேகத்துமேல தாவினதும் விலகி ஓடணும். இரண்டாவது முறைக்குக் காற்று ரொம்ப முக்கியம். மேகம் காற்றோட போகும். கப்பலும் அதே திசையில போனா மேகம் நம்ம தலைமேலேயே நிக்கும், போட்டதுக்குப் பலன் இல்லை. அதனால பலகையில காற்று அம்புக்குறி கட்டாயம். திசையை வெச்சே வாய்ப்பைத் தீர்மானிக்கலாம்: காற்றுக்குக் குறுக்கே ஓடினா தப்பிக்கற வாய்ப்பு 70 சதவீதம், கூடவே ஓடினா 20 மாதிரி. இந்த எண் ரெண்டும் ஆட்டத்துக்காக நான் போட்டது, ஆடிப் பார்த்துத் திருத்திக்குங்க.

இன்னொண்ணு, நிறையப் பேர் விட்டுடற விஷயம். ஏமாந்த ஏவுகணை செத்துப்போறதில்லை. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதின ஃபாக்லாந்து போர்ல, 1982 மே 25-ல பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சாஃப் போட்டு இரண்டு எக்சோசெட்டை விலக்கினாங்க. மேகத்தைத் தாண்டி வந்த ஏவுகணை அட்லாண்டிக் கன்வேயர்ங்கற சரக்குக் கப்பலைப் பிடிச்சுது. அதுல சாஃப் கிடையாது. சினூக் ஹெலிகாப்டர்களும் சேர்த்துப் போச்சு. அதனால ஏமாந்த ஏவுகணை நேர்க்கோட்டுல இன்னும் 2 கட்டம் போகட்டும், வழியில யார் இருந்தாலும் தேடட்டும்.

அடுத்து கணக்கு. அமெரிக்கக் கடற்படையின் வேய்ன் ஹியூஸ் கொடுத்த வீச்சுச் சமன்பாடு (இங்க வீச்சுன்னா தூரம் இல்லை, ஒரே சமயத்துல ஏவற மொத்த ஏவுகணை) உங்க ஆட்டத்துக்கு அளவெடுத்துத் தைச்சது. ஒரே வீச்சுல சரியா வர்ற ஏவுகணை எண்ணிக்கை, அதுல எதிரி தடுக்கறதைக் கழி, மிச்சத்தை ஒரு கப்பலைச் செயலிழக்க வைக்கத் தேவையான அடியால வகு. அவ்வளவுதான்.

3 படகு, ஆளுக்கு 4, மொத்தம் 12. கோளாறு போக 9 சரியா வருதுன்னு வைங்க. எதிரே 2 டெஸ்ட்ராயர், ஒவ்வொண்ணும் 3-ஐத் தடுக்கும், ஒவ்வொண்ணும் 2 அடி தாங்கும். 9 கழித்தல் 6, மீதி 3. இரண்டால வகுத்தா ஒன்றரைக் கப்பல் போச்சு. இப்ப சாஃப் இன்னும் 3-ஐ ஏமாத்தினா மீதி பூஜ்யம், ஒரு கீறல் இல்லை. அதையே மாத்தி, சாஃப் இல்லாம இன்னும் ஒரு படகு சேர்ந்து சரியா வர்றது 12 ஆனா மீதி 6, இரண்டு கப்பலும் போய் இன்னொண்ணையும் மூழ்கடிக்கற அளவு மிச்சம். ஒரே ஒரு படகு வித்தியாசம். பீரங்கிக் காலத்துல அடி கொஞ்சம் கொஞ்சமா சேரும், இங்க வாசல் தாண்டினா எல்லாம் போயிடும். தனித்தனிப் பகடை உருட்டற உங்க முறையில இந்தக் குணம் வராது. மொத்தமாச் சேர்த்துக் கழிங்க.

படகு ஏன் போதலைங்கறதுக்கு 1991 ஜனவரி கடைசியைப் பாருங்க. குவைத் பக்கம் புபியான் தீவுகிட்ட ஈராக் படகுகளை லிங்க்ஸ் ஹெலிகாப்டர்கள் சீ ஸ்குவாங்கற சின்ன ஏவுகணையால வரிசையா அடிச்சுச்சு. அந்தப் படகுகள்கிட்ட ஹெலிகாப்டரை எட்டற எதுவும் இல்லை. தடுக்கற எண்ணிக்கை பூஜ்யம்னா சமன்பாடு என்ன சொல்லும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

அஸ்தம்பட்டி வாசகன்:

இருவருக்கும் மிக்க நன்றி. வீச்சுச் சமன்பாட்டை வைத்து லடாக்கியாவை எழுதிப் பார்த்தேன், இஸ்ரேல் பக்கம் சாய்கிறது. ஒரு சந்தேகம். "2 அடி தாங்கும்" என்பதை எதை வைத்து முடிவு செய்வது? டன் கணக்கை வைத்தா? ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்ட் டெஸ்ட்ராயர் 4,000 டன்னுக்கு மேல், ஒரே எக்சோசெட்டில் போய்விட்டதே. அது அலுமினியக் கப்பல் என்பதால்தான் எரிந்தது என்றும் படித்தேன்.

கன்னங்குறிச்சி ஏரிக்கரை:

அந்த அலுமினியக் கதையை முதலில் விட்டுவிடுங்கள். ஷெஃபீல்டின் மேற்கட்டு (மேல்தளத்துக்கு மேலுள்ள கட்டுமானம்) எஃகு. அலுமினியம் பற்றிய பயம் வந்தது வேறு இடத்திலிருந்து. 1975 நவம்பர் 22-இல் அமெரிக்கக் குரூசர் பெல்க்னாப், கென்னடி விமானந்தாங்கியோடு மோதியது. கொட்டிய எண்ணெய் தீப்பிடித்து, அலுமினிய மேற்கட்டு உருகி விழுந்தது. அதன் பிறகு வடிவமைத்த ஆர்லி பர்க் வகைக் கப்பல்களுக்கு எஃகு மேற்கட்டு வைத்தார்கள். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் உருக்கிய வட்டாரத்துக்காரர்களுக்கு இது புரியச் சிரமமில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், எஃகுக்கு 1,400-க்கு மேல் வேண்டும். ஆனால் எஃகும் 600 டிகிரி வாக்கில் வலிமையில் பெரும்பகுதியை இழக்கும். ஆக, எந்த உலோகம் என்பதைவிடத் தீயை எத்தனை நிமிடத்தில் பிடிக்கிறோம் என்பதே முக்கியம்.

1982 மே 4-இல் ஷெஃபீல்டில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். எக்சோசெட்டின் வெடிமுனை 165 கிலோ. கப்பலின் நடுப்பகுதியில் பட்டது. பட்ட இடத்திலேயே தீயணைப்புக் குழாய் உடைந்தது, அழுத்தம் போயிற்று, பம்புகள் கைகொடுக்கவில்லை. ஏவுகணையில் மீந்திருந்த எரிபொருள் எரிந்தது. புகை கப்பல் முழுக்கப் பரவியது. 20 பேர் இறந்தனர். கப்பல் உடனே மூழ்கவில்லை, கட்டி இழுத்துப்போகும்போது மே 10-இல்தான் மூழ்கியது.

1987 மே 17-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஸ்டார்க் மீது ஈராக் விமானம் ஏவிய இரண்டு எக்சோசெட் பட்டன. முதலாவது வெடிக்கவே இல்லை. ஆனால் அதன் மீதி எரிபொருள் தங்குமிடத்தில் கொட்டி எரிந்தது. 37 பேர் இறந்தனர். தீயை அணைக்க ஊற்றிய தண்ணீர் மேல்தளங்களில் தேங்கிக் கப்பலையே சாய்த்தது. ஆனாலும் கப்பல் பிழைத்துத் துறைமுகம் சேர்ந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விதி தானாக வரும். டன்னுக்கு ஓரளவு மதிப்புக் கொடுங்கள், ஆனால் அடி விழுந்ததும் மூன்று தனிக் கேள்வி கேளுங்கள். தீயணைப்புக் குழாய் பிழைத்ததா? குழாய் வட்டமாகச் சுற்றி, இடையிடையே வால்வோடு இருந்தால் உடைந்த பகுதியை மட்டும் அடைத்துவிடலாம். ஒற்றைக் குழாய் என்றால் மொத்தமும் போகும். மின்சாரம் இரு இடத்திலிருந்து வருகிறதா? ஏவுகணை எவ்வளவு தூரம் பறந்து வந்தது? கிட்டத்திலிருந்து ஏவினால் எரிபொருள் அதிகம் மீந்திருக்கும், தீ பெரிதாக இருக்கும். நீண்ட தூரம் வந்ததற்குத் தீ மதிப்பெண்ணைக் குறையுங்கள். தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் சாய்வுக்கு ஒரு புள்ளி ஏற்றுங்கள், வெளியேற்றும் பம்பு ஓடினால் ஒன்றைக் கழியுங்கள். ஆட்டக்காரர் தீக்கும் சாய்வுக்கும் நடுவே திண்டாட வேண்டும், உண்மையில் அப்படித்தான்.

ஸ்டிக்ஸின் வெடிமுனை 450 கிலோவுக்கு மேல் என்பதை மறக்காதீர்கள். எக்சோசெட்டின் ஓர் அடியும் ஸ்டிக்ஸின் ஓர் அடியும் சமமல்ல.

நாகலூர் மேடு:

மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை, நான் எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பிடித்த களம் பிரிட்டனுடையது. 1966-இல் சி.வி.ஏ.-01 என்ற புதிய விமானந்தாங்கித் திட்டத்தைக் கைவிட்டார்கள். 1978 இறுதியில் ஆர்க் ராயல் விமானந்தாங்கி தன் கடைசிப் பயணத்தை முடித்தபோது அதிலிருந்த கேனட் ரேடார் விமானங்களும் போயின. நான்கே ஆண்டில் ஃபாக்லாந்து. அர்ஜென்டினாவிடம் விமானத்திலிருந்து ஏவும் எக்சோசெட் 5 மட்டும் இருந்தன. சூப்பர் எதாந்தார் விமானங்கள் தாழப் பறந்து, ஒரு நொடி மேலே எழும்பி ரேடார் போட்டுப் பார்த்து, மறுபடி தாழ்ந்து ஏவின. மேலிருந்து பார்க்கும் கண் பிரிட்டனுக்கு இருந்திருந்தால், அந்தத் தாழப் பறத்தலே 200 கி.மீ. தள்ளித் தெரிந்திருக்கும். போர் முடிந்த பிறகு, 1982 ஆகஸ்டில், சீ கிங் ஹெலிகாப்டரில் ரேடாரை அவசரமாகப் பொருத்தி அனுப்பினார்கள். ஒரே களத்தை இருமுறை ஆடுங்க. முதல் முறை வரலாற்றில் உள்ளபடி. இரண்டாம் முறை பிரிட்டனுக்கு ஒரே ஒரு பறக்கும் ரேடார் காய். கப்பல், ஏவுகணை எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டாவது களம், அமெரிக்கா 1997-இல் கைவிட்ட ஆயுதக்கிடங்குக் கப்பல். சுமார் 500 செங்குத்து ஏவுகுழாய், மிகக் குறைந்த ஆட்கள், சொந்தமாகப் பெரிய ரேடார் இல்லை. மலிவாகத் தோன்றும். ஆனால் வீச்சுச் சமன்பாட்டில் வைத்தால் தாக்கும் எண் 500, தாங்கும் கலம் 1. அதற்கு இலக்கு சொல்லும் கப்பல் போனால் அந்த ஐந்நூறும் வெறும் சுமை. அது கட்டப்பட்டிருந்தால் காவலுக்கே நாலைந்து டெஸ்ட்ராயர் தேவைப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. ஆடிப் பார்த்துச் சொல்லுங்க.

நிரப்பும் கணக்கையும் சேருங்க. பழைய இரட்டைக்கை ஏவியில் கீழிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிச் சுட வேண்டும். 1986-இல் பங்கர் ஹில் குரூசரில் செங்குத்துக் குழாய்கள் வந்தபின் வேகம் கூடிற்று. ஆனால் தீர்ந்தால் துறைமுகம் போய்த்தான் நிரப்ப வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில்தான் சோசின் என்ற அமெரிக்கக் குரூசரில், நடுக்கடலில் குழாய்க்குள் பெட்டியை இறக்கிக் காட்டினார்கள். நம் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் டெஸ்ட்ராயரில் 16 பிரம்மோஸ், தற்காப்புக்கு 32 பராக்-8 ஏவுகணை. ஒரு வரும் ஏவுகணைக்கு இரண்டு பராக் விட்டால் 16 தடவை, அதோடு தீர்ந்தது. அந்த எண்ணை ஆட்டக்காரர் கண்ணெதிரே பலகையில் வைங்க.

கடைசியாக ஒரு சீட்டு. ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு கப்பலுக்கும் எச்சரிக்கை நிலையை எழுதி மூடி வைக்கணும். ஸ்டார்க்கில் வரும் ஏவுகணையைத் தானாகச் சுடும் ஃபாலங்ஸ் துப்பாக்கி இருந்தது, ஆனால் தயார் நிலையில் இல்லை. 2006 ஜூலை 14-இல் லெபனான் கரையோரம் இஸ்ரேலின் ஹனிட் கப்பலிலும் தற்காப்பு அமைப்பு இயங்கவில்லை, 4 பேர் இறந்தனர். ஷெஃபீல்டில் செயற்கைக்கோள் தொடர்பு ஓடிக்கொண்டிருந்ததால் எதிரி ரேடாரைக் கேட்கும் கருவி மங்கிப்போயிருந்தது. முழு எச்சரிக்கையில் வைத்தால் ஆட்கள் களைப்பார்கள், அதனால் 20 சுற்றுக்கு மேல் அந்தச் சீட்டு செல்லாது என்று விதியுங்க. எதிரி எப்போது வருவான் என்று தெரியாமல் அந்த 20-ஐ எங்கே செலவழிப்பது என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்யட்டும்.